ஆபீசுப் பழம்

துப்பாக்கியோடு ஒருவன் வழிமறித்தால் கேட்டதைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு போய்ச் சேருவதா, இல்லை ஒரு கை பார்த்துவிடுவதா? எண்பதுகளின் தொடக்கத்தில் ஜமுனாமரத்தூரில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. மலைப்பாதையில் முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் நாட்டுத் துப்பாக்கியுடன் திரிகிறான், தனியாக நடந்து போகிறவர்களைப் பிடுங்குகிறான் என்று பேச்சு. அவனைப் பார்த்தவர் ஊரில் யாருமில்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

அடிச்சுடு கட்சிக்குத் தலைவர் என் கணவர். மலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். அலுவலகத்தில் மேலதிகாரி இருமினால் எழுந்து நிற்பார். ஆனால் சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் ஆளே வேறு. இரும்புப் பூண் போட்ட குடை ஒன்று வைத்திருந்தார். "கொள்ளக்காரன் வரட்டும். துப்பாக்கிய அவன் தூக்கறதுக்குள்ள இந்தப் பூணு அவன் தொண்டைல இருக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். குடையை எப்படிச் சுழற்றுவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடத்தில் எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கின் கண்ணாடி உடைந்தது. எதிரிக்கு அதுவரை நாங்கள் செய்த சேதம் அவ்வளவுதான்.

கொடுத்துடு கட்சிக்குத் தலைவர் திருப்பத்தூர் பஸ்ஸின் கண்டக்டர். சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், நிதானஸ்தர். "சார், உசுரு போனா வராது. பை போனா மொதலாளி வேற பை குடுப்பாரு" என்பது அவருடைய கொள்கை. அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் கட்டிய புருஷனுக்கு எதிர்க்கட்சியில் சேர்ந்தால் சோறு இறங்குமா? வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இந்த விவாதத்தில் மலைக்காரர்கள் மட்டும் கலந்துகொள்ளவே இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், டீயைக் குடிப்பார்கள், எழுந்து போவார்கள். அவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மலையைவிட்டு இறங்கும் பஸ் சோதனை இல்லாமல் இறங்கியதில்லை. சந்தனக் கட்டை கடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காகவாம். கட்டை கடத்தியவர்கள் லாரியில் போனார்கள். சோதனை பஸ்ஸில் நடந்தது. சோதனை போட்டவர்கள் எந்த இலாகா என்று என்னைக் கேட்காதீர்கள். காக்கிச் சட்டை, தோளில் துப்பாக்கி, வாயில் அதட்டல், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மலைக்காரர்களுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. காக்கி போட்ட யாராக இருந்தாலும் அவர்கள் வாயில் ஒரே பெயர்தான்: ஆபீசு.

பஸ்ஸை ஆபீசு நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று மலையில் தவழும் குழந்தைக்கும் தெரியும். இறங்க வேண்டும். பாதையோரம் வரிசையாகக் குந்த வேண்டும். பெண்கள் மேட்டுப் பக்கம், ஆண்கள் பள்ளத்துப் பக்கம். கேட்பதற்கு முன்பே மூட்டையை அவிழ்த்து முன்னால் வைத்துவிட வேண்டும். பிறகு ஆபீசுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு தடவையும் பின்சீட்டுக்கு அடியில் யாராவது ஒரு பலாப்பழத்தை உருட்டி வைத்திருப்பார்கள். அதற்கு ஆபீசுப் பழம் என்று பெயர். அது யார் மரத்துப் பழம் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் முறை போட்டுக் கொண்டுவருவது. பழம் இல்லாத மாதங்களில் கோழியோ தேனோ இருக்கும். பழுப்பது, கூவுவது, கூட்டில் எடுப்பது இவற்றில் ஆபீசு கைவைக்கும். உடம்பில் போட்டிருப்பதைத் தொடாது. இப்படி எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எழுதிய சட்டங்களைவிட அது ஒழுங்காக நடந்துவந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பலா பழுத்துத் தள்ளிய ஒரு சித்திரையில், திருப்பத்தூரில் உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து என்று நானும் அவரும் காலைப் பஸ் ஏறினோம். நான் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். அவர் குடையை மடிமீது குறுக்கே வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் ஒரு மலைக்காரப் பெண் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். மடியில் மஞ்சள் துணியில் ஒரு மூட்டை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அது, கையவே எடுக்க மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"பரியந்தாம்மா. பையனுக்குப் பொண்ணு பேசிகீறோம். புதூர்நாட்டுப் பக்கம்."

மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். மூட்டையில் இருந்தது வெள்ளி. காப்பு ஒரு ஜோடி, தண்டை ஒரு ஜோடி. தண்டை அவளுடைய மாமியார் வழியில் வந்தது. காப்பு அவளே போட்டிருந்தது. முழங்கைக்கு மேல் அது இருந்த இடம் மட்டும் வெளுத்து, ஒரு வளையம்போல் தெரிந்தது. பௌர்ணமிக்குள் வெள்ளி வந்து சேராவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று பெண் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையனோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று கூழ் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறானாம்.

"மலை மேலயே குறுக்கால நடந்தா பொழுதுக்குள்ள போய்டுவோம்" என்றாள். "நடந்து போறவங்களத்தான் திருடன் புடுங்கறானாமே. அதான் பஸ்ல சுத்திக்கினு போறோம்."

அவளுக்குத் துணையாக அவள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அன்றைக்கு ஆபீசுப் பழம் அவர் முறை. நல்ல பழம், பஸ் முழுக்க வாசனை.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் பாதைக்குக் குறுக்கே மரக்கிளை கிடந்தது. டிரைவர் பிரேக் போட்டார். புதரிலிருந்து ஒருவன் வந்தான். பழைய காக்கிச் சட்டை, முகத்தில் துண்டு, கையில் நாட்டுத் துப்பாக்கி. ஒல்லியான ஆள், சட்டை அவனைப் போட்டுக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காக்கி போட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று எண்ணி எங்கேயோ சந்தையில் வாங்கியிருப்பான். பாவம், அதுதான் அவன் செய்த தப்பு.

அவன் வாயைத் திறப்பதற்குள் மலைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "சோதன, சோதன" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தூங்கினவனை எழுப்பி, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக இறங்கினார்கள்.

"அசையாதீங்க! அசஞ்சா சுட்டுடுவேன்!" என்று அவன் கத்தினான். நன்றாகப் பாடம் பண்ணி வைத்திருந்த வசனம். கத்தி முடித்தபோது பாதி பஸ் பாதையோரத்தில் குந்திவிட்டது. பெண்கள் மேட்டுப் பக்கம், ஆண்கள் பள்ளத்துப் பக்கம்.

"எவன்டா உங்கள எறங்கச் சொன்னது?"

"வழக்கந்தான் சாமி" என்றார் பெரியவர், மூட்டையை அவிழ்த்தபடி.

பஸ்ஸுக்குள் மிச்சம் இருந்தது கீழ்நாட்டுக்காரர்களாகிய நாங்கள்தான். துண்டைப் பார்த்ததும் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கினார். கண்டக்டர் தன் கொள்கைப்படி பையைக் கழற்றிப் படிமேல் வைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார். நான் என் கட்சித் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. கீழே இறங்கி, குடையை இரண்டு கையிலும் தாம்பாளம்போல ஏந்தி, துப்பாக்கிக்காரனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவன் குடையைக் கேட்கவே இல்லை.

"இன்னாய்யா இது?" என்றான் அவன்.

"குடைங்க" என்றார் இவர். அந்த "ங்க"வை நான் பிறகு பல வருஷம் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

நானும் இறங்கினேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தினேன். அவளிடம் பயம் இல்லை. தினமும் நடக்கும் ஒரு தொல்லையைப் பார்க்கிற முகம். திருடன் வரிசைக்கு முன்னால் வந்து, "எல்லாத்தையும் எடுத்து வெளிய போடுங்க!" என்றான். அதையும் அவர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஆபீசும் இதே வார்த்தையைத்தான், இதே குரலில்தான் சொல்லும். அப்படியிருக்க ஜனங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? சட்டை அதுதான், துப்பாக்கி அதுதான், பேச்சும் அதுதான்.

பெரியவர் எழுந்து பலாப்பழத்தை உருட்டிக்கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார். "சாமி, பழங்க."

"பழமா? நான் இன்னா பழம் வாங்கவா வந்தேன்?"

"ஆபீசுப் பழங்க. தேன் மாதிரி இருக்கும்."

"அந்தாண்ட தள்ளுய்யா!" என்று காலால் ஓர் உதை விட்டான். பழம் உருண்டு போய்ப் பஸ் சக்கரத்தில் முட்டி நின்றது.

வரிசையில் ஒரு சலசலப்பு. காக்கி போட்டவன் பலாப்பழம் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் பார்த்ததில்லை. அப்பன் பாட்டன் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை. "வாணாங்கறான்", "பழம் வாணாங்கறான்" என்று வாய்க்கு வாய் போயிற்று. அதற்குள் அவன் மஞ்சள் மூட்டையைப் பார்த்துவிட்டான். குனிந்து எடுத்தான். உள்ளே வெள்ளி கலகலத்தது.

"சாமி, அது பரியங்க" என்றாள் அவள். பொறுமையாக, தெரியாதவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆபீசுல பரியம் எடுக்கற வழக்கம் இல்லீங்க."

"எந்த ஆபீசு?"

"அதத்தான் சாமி நானும் கேக்கறேன். நீங்க எந்த ஆபீசுங்க?"

காலையிலிருந்து புதரில் குந்தி எறும்புக்கடி வாங்கியவனுக்கு இதற்குமேல் தாங்கவில்லை போலிருக்கிறது. துண்டைக் கழுத்துக்கு இறக்கினான். "ஆபீசும் இல்ல, கீபீசும் இல்ல! நான் திருடன்! கொள்ளக்காரன்! புரியுதா?" என்று கத்தினான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"திருடனா?" என்றாள் அவள்.

"திருடனாம்" என்றார் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம். "திருடனாம், திருடனாம்" என்று செய்தி வரிசையின் கடைசி வரை போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகங்களில் நான் பார்த்தது நிம்மதி. இத்தனை நேரம் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து வீணாகப் பணிந்துவிட்ட கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அடப் பாவி! திருடன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இம்மா நேரம் கையக் கட்டிக்கினு குந்தினு இருந்தோமே!" என்று அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் துப்பாக்கியின் குழாயைப் பிடித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் ஒரே புகை. புகைக்குள் மலை மொத்தமும் அவன்மேல் கிடந்தது. யாரோ ஆபீசுப் பழத்தைத் தூக்கிவந்து அவன் முதுகில் ஏற்றி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். "முள்ளு, முள்ளு" என்று அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ரவை அவள் கையை உரசிக்கொண்டு போயிருந்தது. காப்பு இருந்த அந்த வெளுத்த இடத்தில்தான் காயம். ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். நாலு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் அவள் இல்லை. அவளோ மஞ்சள் மூட்டையை அவிழ்த்துக் காப்பு ஒரு ஜோடி, தண்டை ஒரு ஜோடி என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிபட்டுச்சேம்மா, வலிக்கலயா?"

"வெள்ளி கீதேம்மா" என்றாள், சிரித்துக்கொண்டு.

என் கணவர் கீழே கிடந்த ஆளை ஒருமுறை சுற்றிவந்து, "நான்தான் அவன் கவனத்த குடையால திருப்பினேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை.

மேலே வந்த லாரி ஒன்றில் தகவல் சொல்லியனுப்ப, வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு ஜீப் வந்தது. காக்கிகள் இறங்கினார்கள். ஜீப்பைக் கண்டதும், திருடனைக் கட்டிப்போட்டுவிட்டுப் புகையிலை போட்டுக்கொண்டிருந்த கூட்டம், யாரும் சொல்லாமலே எழுந்தது. பாதையோரம் குந்தியது. பெண்கள் மேட்டுப் பக்கம், ஆண்கள் பள்ளத்துப் பக்கம். மூட்டைகள் அவிழ்ந்தன. பெரியவர், முதுகுத்தோல் ஒட்டியிருந்த ஆபீசுப் பழத்தைத் துண்டால் துடைத்து, ஜீப்பின் பின்னால் ஏற்றினார். அது மறுபேச்சில்லாமல் ஏறியது. அதற்குப் பக்கத்தில் திருடனையும் ஏற்றினார்கள்.

வந்த காக்கிகளில் தலைமையாகத் தெரிந்தவர் கெட்டவர் இல்லை. "பலே, பொம்பளன்னா இப்படி இருக்கணும்" என்று அவளைப் பாராட்டினார். பிறகு, "இன்னா எடுத்தான்?" என்று கேட்டார். அவள் மூட்டையைக் காட்டினாள். கையை நீட்டினார். "இது தொண்டி. கோர்ட்டுல காட்டணும்" என்றார். என் கணவர் தன் குடைக் கதையை எடுத்தார். "குடையா? அதையும் கொண்டாங்க."

"சார், அது அவங்க பொருள். பௌர்ணமிக்குள்ள பொண்ணு வீட்டுக்குப் போகணும். அவன் அவங்ககிட்டருந்து எடுத்தத நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றேன்.

"அதனாலதாம்மா தொண்டி" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். "அவங்க பொருளா இல்லாட்டி நாங்க ஏன் எடுக்கறோம்?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் நேரமாகிவிட்டது என்றார். நான் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கை கட்டப்பட்டுக் கிடந்த திருடன்தான்.

"யம்மா, குடுக்காதம்மா! அங்க போனா வராதும்மா! எங்கிட்ட மல்லுக்கு நின்னியே, அந்த மாதிரி நில்லும்மா!"

அடிச்சுடு கட்சிக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே உண்மையான உறுப்பினன் அவன்தான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, "நீ சும்மா கெட. இவரு ஆபீசு" என்றாள். ரத்தம் காயாத கையால் மஞ்சள் மூட்டையை நீட்டினாள். கொடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

குடை அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது. அரசாங்க உத்தியோகஸ்தரின் குடை. ஒரு வார்த்தை சொன்னார், கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் நச்சரித்து அனுப்பினேன். கேஸ் முடியட்டும் என்றார்களாம். கேஸ் முடிந்தது. அப்புறம் மேலே எழுதியிருக்கிறோம் என்றார்களாம். ஒரு தடவை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அவள் ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தாள். பழத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பெண் வீட்டார் மனம் இரங்கி ஒரு வழி சொன்னார்கள். பரியம் கொடுக்க முடியாத மாப்பிள்ளை, பெண் வீட்டுக் காட்டில் வேலை செய்து கழிப்பது மலையில் உள்ள வழக்கம்தான். வெள்ளி வரும்வரை பையன் அங்கே ஏர் ஓட்டட்டும் என்றார்கள். அவன் போனான். சாமை விதைத்தான், அறுத்தான், மறுபடியும் விதைத்தான். மத்தியானம் அந்தப் பெண் கூழ் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பாளாம். இதைச் சொல்லும்போது அவன் தாய் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

சில வருஷம் கழித்து, எங்களுக்கு மாற்றல் வருவதற்குச் சற்று முன்னால், ஜமுனாமரத்தூர் சந்தையில் சீப்பும் ரிப்பனும் விற்றுக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். ஒல்லியான ஆள். காக்கி இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

"நான்தாம்மா. பஸ்ஸு மறிச்சேனே."

"தெரியுது" என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மாவுக்கு வெள்ளி குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

அவன் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தான்.

"நானே உள்ள போய்ட்டு வெளிய வந்துட்டேன். அது இன்னும் உள்ளயே கீதா?"